நான்காம் மாடியில் இறங்கியவள்

பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சி பட்டனுக்கு,

லிஃப்ட் அண்ணன் எழுதுவது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. நம்பிக்கை வராவிட்டால் எழுத்தைப் பார். படித்தவன் யாரும் இவ்வளவு கோணலாக எழுத மாட்டான்.

நீ நலமா, உன் மகள் நலமா? என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நம் கட்டடத்து வாசலில் பெட்டிக்கடை வைத்திருப்பவரிடம் உன் முகவரியை வாங்கினேன். நீ நான்காம் மாடித் தையல் கம்பெனியில் பட்டன் மெஷினை விட்டுவிட்டு, மகளோடு வேறு ஊருக்குப் போய்ச் சொந்தக் கடை போட்டிருப்பதை அவர்தான் சொன்னார். மனசு குளிர்ந்தது.

லிஃப்ட் ஓட்டிய காலம் முழுக்க எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். மாடிக்கு அது போதும். இப்போது நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்குக் காலை வகுப்பு நடக்கிறது. அங்கே போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து தெருவில் நேராக நடக்க முடியவில்லை. ஒவ்வொரு கடைப் பலகையின் முன்னாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். அதையும் எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன்.

ஒரு சங்கதி கேள். நம் பழைய லிஃப்ட்டைப் பூட்டிவிட்டார்கள், ஆனால் என் தலைக்கு மேல் இருந்த தகரப் பலகையை இன்னும் கழற்றவில்லை. போன வாரம் போய்க் கிராதிக் கதவு வழியாகப் படித்தேன். ‘எட்டுப் பேர் மட்டும். இயக்குபவருடன் பேசக் கூடாது’ என்று இருக்கிறது. அத்தனை வருஷமும் அதன் அடியில் உட்கார்ந்துதான் வாய் ஓயாமல் கதை சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, இயக்குபவர் பேசக் கூடாது என்று போடவில்லை.

அந்தக் கதைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒன்பதாம் மாடிப் பல் டாக்டரிடம் போகிற பிள்ளைகள் லிஃப்ட்டிலேயே அழ ஆரம்பித்துவிடும் என்று சொல்லத் தொடங்கினேனே, அவற்றை எல்லாம் எழுதிவிட்டேன். வகுப்பு டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதெல்லாம் உங்க சொந்தக் கற்பனைதானே? காப்புரிமை பதிஞ்சு வெச்சுடுங்க” என்றார். “எழுதின நிமிஷத்துலயே அது உங்களுதுதான். ஆனா நாளைக்கு ஒருத்தர் வந்து என்னுதுன்னு சொன்னா, காட்டுறதுக்கு ஒரு பேப்பர் வேணும்ல?”

என் பெயர் இருக்கிற பேப்பர்களில் எல்லாம் பக்கத்தில் என் கட்டைவிரல்தான் இருக்கிறது. ‘ஆசிரியர்’ என்று அச்சடித்து, அதற்கு எதிரே என் பெயரை நானே எழுதுகிற ஒரு பேப்பரைப் பார்க்க வேண்டும். இந்த வயசில் எனக்கு இருக்கிற ஒரே பேராசை அது.

ஏதாவது கதை விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்க உன்னை விட்டால் ஆள் கிடையாது. தினமும் காலையில் என்னோடு ஏறியவள் நீ. நினைவில் இருப்பதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
லிஃப்ட் அண்ணன்

பி.கு. இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள் டீ இரண்டு தடவை ஆறிப்போனது.


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டன் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதத்தைக் கடை வாசலில் நின்றே படித்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்கின்றன. ஆனால் ஒன்றுகூட வழி தவறவில்லை. “யாரும்மா, காதல் கடுதாசியா? இந்தச் சிரிப்புச் சிரிக்கிற” என்று மகள் கேட்டாள். “போடி, எங்க அண்ணன் எழுதப் படிச்சுட்டாரு” என்றேன். எனக்குக் கண் கலங்கியதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் கடை சின்னது. புதுசாக எதையும் தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. மகள் மெஷினில் இருப்பாள். அம்மாக்களோடு வருகிற பிள்ளைகள் காத்திருக்க முடியாமல் நூல்கண்டை உருட்ட ஆரம்பிக்கும். அப்போது உங்கள் கதைகள்தான் கை கொடுக்கின்றன. ஒரு கால்சட்டைக்கு மடிப்பு அடித்து முடிக்க ஒரு கதை கச்சிதமாக இருக்கும். நான் எதை மறக்கிறது?

மழைக்குப் பயந்த குடையைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நல்ல மழை நாளில் குடை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வீட்டுக்காரர் தேடிப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டே போகிறார். சளி பிடித்து நான்கு நாள் வீட்டிலேயே கிடக்கிறார். வேறு வேலை இல்லாமல் குடையை ஜன்னலோரம் சாய்த்துவைக்கிறார். இரண்டு பேருமாக உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்கிறார்கள். இவ்வளவு அழகா இருக்குமா இது என்று குடை நினைக்கிறது. அதற்குப் பயம் கடைசி வரைக்கும் போகவே இல்லை.

அப்புறம் அந்த யானை. தையல்காரர் அதற்கு எப்படியோ ஒரு சட்டையைத் தைத்துவிடுகிறார். யானை ஒரு தும்மல் போடுகிறது. பட்டன் எல்லாம் தெறித்து ஊர் முழுக்க ஓடுகிறது. “விடுங்க மாஸ்டர், திறந்தே இருக்கட்டும். காத்தாவது வரும்” என்று சொல்லிவிட்டு யானை நடந்து போகிறது.

மற்றதையும் இதோடு எழுதி வைத்திருக்கிறேன். பதிந்துவிட்டுச் சொல்லுங்கள். கடையில் ஒரு படமாக மாட்டி வைக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
பட்டன்


பிப்ரவரி 23

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. எழுத்து சரியாகத்தான் இருக்கிறதா, நான்தான் தப்பாகக் கூட்டிப் படிக்கிறேனா என்று டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சரியாகத்தான் இருக்கிறது.

என் குடை ஜன்னலோரம் உட்காரவே இல்லையே தங்கச்சி. என் கதையில், வீட்டுக்காரர் இருமிக்கொண்டு வருவதைப் பார்த்துக் குடைக்கு வெட்கமாகிவிடும். மறுநாள் தானே முன்னால் போய் நிற்கும். விரிந்த பிறகு பார்த்தால் மழை வலிக்காது, கிச்சுகிச்சு மூட்டும். யானைக்குத் துணி போதாமல் தையல்காரர் சர்க்கஸ் கூடாரத்தையே சட்டையாகத் தைப்பார். தும்மலும் இல்லை, தெறிக்கிற பட்டனும் இல்லை. நீ எழுதியனுப்பிய எந்தக் கதையும் நான் முடித்த மாதிரி முடியவில்லை.

இதென்ன கூத்து என்று இரண்டு நாள் யோசித்தேன். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று பிடிபட்டது. நீ நான்காம் மாடியில் இறங்கிவிடுவாய். என் கதை ஒன்பதாம் மாடியில்தான் முடியும். “மீதி நாளைக்கு” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுவேன். மறுநாள் வேறு பிள்ளை ஏறும், வேறு கதை ஓடும். ஒரு நாளாவது நீ மீதியைக் கேட்டதில்லை. பட்டன் அடித்துக்கொண்டே மீதியை நீயே முடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். இது எனக்குத் தெரியவே தெரியாது.

எப்படி இருந்தாலும் கதையின் சரியான முடிவு நான் சொன்னதுதான். அடுத்த வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன். என் முடிவுகளோடு பதியப் போகிறேன். இனிமேல் கடையில் சொல்லும்போது நீயும் அப்படியே மாற்றிச் சொல்லிவிடு. எல்லா முடிவுகளையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
லிஃப்ட் அண்ணன்


மார்ச் 2

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தாள் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பேப்பர் வந்துவிட்டால் நான் என் மாதிரி சொல்வது குற்றமாகுமா? சட்டம் எனக்குத் தெரியாது. தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம் என்று, தாள் வந்த நாளிலிருந்து கடையில் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாங்கிப் போட்டிருக்கிறேன். நூல்கண்டையும் உருட்டுகிறார்கள்.

உங்கள் முடிவுகளைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. உங்கள் மேல் குறை சொல்லவில்லை.

இப்படிக்கு,
பட்டன்


மார்ச் 8

அன்புத் தங்கச்சிக்கு,

‘மதிப்பிற்குரிய’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டி முடித்ததும் உறையைத் திருப்பி யார் அனுப்பியது என்று பார்த்தேன். வங்கியிலிருந்து வந்த கடிதமோ என்று நினைத்தேன். இனி அந்தச் சொல்லை எனக்கு எழுதாதே, அது ரொம்ப நீளம்.

சாப்பிடாமல்கூடப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். என் கதைக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“எல்லாம் உங்க கதைதானா பெரியவரே?”

“ஆமாம்மா. பாதி.”

“பாதி ஆமாவா, ஆமா பாதியா?”

உன் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். ஒருத்தர் குடைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். பிறகு, இதைப் பதிந்தால் நீ கடையில் சொல்லலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“கடையில குழந்தைக்குக் கதை சொன்னா யாரு வந்து புடிக்கப்போறா? ஆனா நாளைக்கு அவங்க அதைப் புத்தகமாப் போடணும்னா உங்க அனுமதி வேணும். நீங்க எழுதிக் கொடுத்தா ஆச்சு.”

அனுமதி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை தங்கச்சி. கதவைத் திறந்து மூடினேனே தவிர, யாரையும் நிறுத்தி அனுமதிச் சீட்டு கேட்டவன் இல்லை நான். உன் குடைக்கு நான் எப்படி அனுமதி கொடுப்பது? அது என் வீட்டுக் குடையே இல்லையே.

வேறு வழி உண்டா என்று கேட்டேன். இன்னும் வெளிவராத கதைகளை ஒரே கட்டாக, ஒரே விண்ணப்பத்தில் பதியலாமாம். “ஆனா ஒண்ணு. கட்டுக்குள்ள இருக்குற எல்லாக் கதைக்கும் அதே ஆசிரியர்தான் இருக்கணும். ஒருத்தர்னா எல்லாத்துக்கும் அந்த ஒருத்தர். ரெண்டு பேர்னா எல்லாத்துலயும் அந்த ரெண்டு பேரோட கையும் இருக்கணும். கலந்து கட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க.”

நாம் இரண்டு பேருமாகப் பதிந்துவிடலாம். ஒவ்வொரு கதைக்கும் எந்த முடிவு என்று சேர்ந்து உட்கார்ந்து, அதாவது சேர்ந்து எழுதி, தீர்த்துக்கொள்வோம். நீ சரி என்று ஒரு வரி எழுது. படப் புத்தகத்தை எடுத்து உள்ளே வை.

அன்புடன்,
அதே அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் எல்லாம் இல்லை. இருந்தது, போய்விட்டது. ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சட்டை உங்களுடையது. நான் பட்டன் வைத்தவள். எத்தனை ஆயிரம் சட்டைக்குப் பட்டன் வைத்திருக்கிறேன், ஒன்றையாவது நான் தைத்த சட்டை என்று சொல்லியிருக்கிறேனா? ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் பார்க்க வேண்டும் என்றுதானே இந்த வயதில் சிலேட்டுப் பலகை பிடித்தீர்கள். அதில் நான் ஏன் குறுக்கே வந்து நிற்க வேண்டும்?

கடையில் சொல்லிக்கொள் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அது போதும் எனக்கு. வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருப்பேன்.

உங்கள் தங்கை,
பட்டன்


மார்ச் 22

தங்கச்சிக்கு,

குடைக் கதையின் இரண்டு முடிவுகளையும் வகுப்பில் படித்துக் காட்டினேன். யார் முடிவு எது என்று சொல்லவில்லை. ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், மழைக்குள் போகிற குடைதான் ஆண்பிள்ளைக் குடை என்றார். நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். உடனே காய்கறிக்கார அம்மா பிடித்துக்கொண்டார்.

“அது பயந்துட்டே இருந்துட்டுப் போகட்டுமே. உங்க குடை என்ன, பட்டாளத்துக்கா போகுது? எங்க வீட்டுல இருட்டுன்னா நடுங்குற பையன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட நான் அந்த ஜன்னல் குடையத்தான் சொல்லுவேன்.”

அன்றைக்கு எனக்கு ரோஷம்தான். வீட்டுக்கு வந்து என் முடிவுகளையே எழுதித் தனியாகப் பதிந்துவிடலாம் என்று கட்டைப் பிரித்தேன். எழுதிக்கொண்டே போனால், ஒவ்வொரு கதையிலும் கடைசியில் யாரோ ஒருத்தர் தைரியமாகிவிடுகிறார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கதவு திறந்தால் எதிரே பல் டாக்டர். அந்தப் பிள்ளையை எழுப்பி நடக்க வைக்க வேண்டும், அதற்காகச் செய்த முடிவுகள் அவை. பல் டாக்டரிடம் போகாத பிள்ளைகளும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

பட்டன் வைத்தவள் என்கிறாய். பட்டன் இல்லாத சட்டையோடு தெருவில் போக உன் யானையால் மட்டும்தான் முடியும்.

என் பெயருக்குக் குறுக்கே வந்துவிடுவாய் என்று பயப்படாதே. பக்கத்தில் ஒரு பெயர் இருந்தால் என் பெயர் தேய்ந்தா போகும்? அந்தத் தகரப் பலகையிலேயே எட்டுப் பேர் ஏறலாம் என்று இருக்கிறது. நாம் இரண்டே பேர்.

அனுமதிக் கடிதம் எழுதித் தர மாட்டேன். இந்தக் கடிதத்தோடு விண்ணப்பத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். கதைகளின் பட்டியல் பின்னால் இருக்கிறது. உனக்கு மனம் இல்லாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. அப்போது எதையும் பதிய மாட்டேன். பாதியை மட்டும் பதிந்து நான் என்ன செய்வது?

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாள் விண்ணப்பத்தை மெஷின் டிராயரில் போட்டு வைத்திருந்தேன். நேற்று மகள் ஊசி தேடும்போது எடுத்துவிட்டாள். உட்கார்ந்து எல்லாக் கடிதத்தையும் படித்தாள். “ரெண்டு பேரும் ஒரு குடைக்கு இந்த அடி அடிச்சுக்கிறீங்க. அவரு இல்லாத ஒண்ணையாம்மா உனக்குத் தர்றாரு? நீ செஞ்சதைத்தானே உன்னுதுங்கிறாரு. வாங்கிக்கயேன்” என்றாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

என் முழுப்பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எங்கள் அப்பா ஆசைப்பட்டு வைத்தது.

குடைக்கு என் முடிவு இருக்கட்டும். யானைக்கு உங்கள் கூடாரம்தான் அழகு, ஆனால் தும்மலை விட முடியாது. கூடாரச் சட்டையிலிருந்து பட்டன் தெறிக்கட்டும். மற்றதற்கும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். சில இடங்களில் உங்கள் கைக்கு மேலேயே என் கை போயிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் மீன் கதையை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டேன். கண்ணாடித் தொட்டியில் பிறந்த மீன், கடலைப் பார்க்க வேண்டும் என்று வாளியில் ஏறி லிஃப்ட்டில் உச்சி மாடிக்குப் போகிறது. தூரத்தில் தெரிகிற கடலைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா? என் தொட்டியே இதைவிடப் பெரிசு” என்று திரும்பி வந்துவிடுகிறது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோன அன்று சொன்னீர்கள். மெக்கானிக் வர நேரமானதால் முழுசாகக் கேட்டேன். நான் முழுசாகக் கேட்டது அது ஒன்றுதான், முதலில் உங்களுக்கு எழுதியனுப்பியபோது அது விட்டுப்போயிற்று. அதில் என் கை எங்கேயும் இல்லை. இல்லாத இடத்தில் என் பெயரைப் போட முடியாது அண்ணே. கட்டிலிருந்து அதை எடுத்துத் தனியாகப் பதியுங்கள். ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும்.

இன்று காலை கடையில் குடை கதை சொன்னேன்.

உங்கள் தங்கை,
பட்டன்


ஏப்ரல் 16

அன்புத் தங்கச்சிக்கு,

உன் பெயரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நல்ல பெயர். விண்ணப்பத்தில் என் பெயருக்கு மேலே எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

இரண்டு விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டேன். கண்ணாடி அம்மா நீ அடித்த கோட்டைக் காட்டி, “இது என்ன, சண்டையா?” என்று கேட்டார். “இல்லம்மா, என் தங்கச்சி நேர்மை” என்றேன். அவர் முத்திரை குத்தினார்.

மீன் கதைக்கு ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயரை அங்கேயே நின்று எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதியதால் நேரமானது. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். முடித்த பிறகு ஒருத்தர் எட்டிப் பார்த்து, “நல்லா இருக்கு சார்” என்றார். சார் என்று ஒருத்தர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன், துவைக்கும்போது மட்டும் வெளியே எடுக்கிறேன்.

நம் கட்டுக்கு எத்தனை பேர் இருந்தாலும் ஒரு ரசீதுதான் தருவார்களாம். யார் பெயருக்குப் போடுவது, யார் வைத்துக்கொள்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது பார். அசல்தான். பேப்பர் தயாரானதும் அதுவும் உன் முகவரிக்கே வரும்.

பிரேம் போட்டு மாட்டு. வருகிற பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டு.

அன்புடன்,
அண்ணன்